நல்ல பக்கம்

ஊரிலுள்ள குழாய்கள் எல்லாம் அவன் பேச்சைக் கேட்கும். எந்த வீட்டில் எது ஒழுகினாலும் அவன் போய் ஒரு திருகு திருகி, ஒரு வாஷரை மாற்றி, "இனி வாயைத் திறக்காதே" என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தால் போதும். அது பேசாமல் கிடக்கும். அதனாலேயே அவனுக்கு வாஷர் என்று பெயர் விழுந்து, சொந்தப் பெயர் அவன் மனைவிக்கும் பாங்க்காரர்களுக்கும் மட்டும் தெரிந்த ரகசியமாகிவிட்டது. அப்பேர்ப்பட்ட வாஷரின் சொந்த வண்டிதான் இப்போது சொட்டுச் சொட்டாக ஒழுகி அவன் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை பல்கூடத் துலக்காமல் ஷெட்டுக்குப் போய்க் குனிந்து பார்த்தான். முன் சக்கரத்துக்கு அடியில் ஹீட்டர் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்திருந்தான். படுக்கப் போகும்போது சுத்தமாக இருந்த அட்டையில் இப்போது சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். மேலே இன்னொரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் விழுந்தது.

"விழு, விழு. உனக்கென்ன, மாடா உழைச்சவன் நான்தானே," என்று வாய்விட்டே திட்டினான்.

வண்டி பழைய பிக்கப். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ரகம். அதன் முன் ஆக்சிலுக்கு இரண்டு முனையிலும் தேங்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓர் இரும்புக் குண்டு இருக்கும். சக்கரம் திரும்பிக்கொண்டே சுற்றுவதற்கான மூட்டு அதற்குள்தான் கிரீஸில் முங்கிக் கிடக்கும். ஆக்சிலின் நடுவிலோ பல்சக்கரங்கள், அவற்றுக்கு எண்ணெய். எண்ணெய் நடுவோடு நிற்க வேண்டும், கிரீஸ் முனையோடு நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் காவலுக்கு இருப்பது மோதிரம் போல ஒரு வளையம், ஆயில் சீல். அந்தக் காவல் தூங்கிவிட்டால் எண்ணெய் கிளம்பி வந்து கிரீஸோடு கலந்து, கறுப்புச் சேறாகிக் குண்டின் மேல் வழிந்து, டயரிலும் பிரேக்கிலும் இறங்கிவிடும். சமதரையில் அது வெறும் அசிங்கம். மலைப்பாதையில் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்க வாஷருக்குத் தைரியம் இல்லை.

மலைப்பாதைதான் விஷயமே. அவன் மனைவிக்கு மின்சார இலாகாவில் வேலை. இத்தனை வருஷம் ஷிஃப்ட் பார்த்த பிறகு இப்போதுதான் பதவி உயர்வு வந்து, மலைமேல் இருக்கிற சப்-ஸ்டேஷனுக்கு அவளையே பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். பஸ் அடிவாரத்தோடு திரும்பிவிடும். அதற்குமேல் மண் ரோடு. நடுவில் பாலமில்லாத ஓர் ஓடை. சாதாரணக் கார் அங்கே போனால் மாடு கட்டித்தான் இழுத்துவர வேண்டும். மேலே தங்குவதற்கு ஒரு குவார்ட்டர்ஸ் காலியாக இருந்தது. வேண்டுமா வேண்டாமா என்று திங்கட்கிழமை காலைக்குள் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் நிற்கிற அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அவள் இந்தச் செய்தியைச் சொல்லி முடிப்பதற்குள் வாஷர் முடிவெடுத்துவிட்டான். "குவார்ட்டர்ஸ் எதுக்கு? ஷெட்ல வண்டி என்னத்துக்கு நிக்குது? நான் ரெடி பண்ணித் தர்றேன். நீ பாட்டுக்குப் போயிட்டு, வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துடு."

வண்டி ஓட்டுவதில் அவள் அவனைவிடக் கெட்டிக்காரி. அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. "திங்கட்கிழமை வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்," என்று மட்டும் சொன்னாள். திங்கட்கிழமைக்குள் வண்டி தயாராக வேண்டும் என்று அவன் அதை எடுத்துக்கொண்டான்.

மகளுக்குக் கல்யாணமாகி அவள் வேறு ஊருக்குப் போனதிலிருந்து அந்த வீட்டில் சத்தம் என்றால் இவர்கள் இரண்டு பேர் சத்தம்தான். மனைவிக்கு இரவு ஷிஃப்ட் வருகிற நாட்களில் வாஷர் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பான். வாரம் முழுக்க அப்படி என்றால் தன்னால் முடியாது என்று அவனுக்குத் தெரியும். பயமாகவே இருந்தது. ஆனால் அதை யாரிடம் சொல்வது? வண்டியைப் பற்றிப் பேசுவது எவ்வளவோ சுலபம்.

வண்டியும் அவனைப் பேசவைத்தது. முதலில் இரண்டு பக்கமும் முழுசாகப் பிரித்து, சீல், பேரிங், குண்டைத் துடைக்கிற வெளி வளையம் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டான். கூட நின்றது அவன் சகலை. மனைவியின் தங்கை புருஷன், டெய்லர். கோட்டு தைப்பதில் பெரிய கை. கடையில் மிஞ்சுகிற வெட்டுத் துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து, "கை துடைக்க ஆச்சு சகலை," என்று போடுவான். அதில் பாதி லைனிங் துணி. வழவழவென்று இருக்கும், எண்ணெயை உறிஞ்சாமல் முழங்கை வரைக்கும் பரப்பிவிடும்.

அவ்வளவு பாடுபட்டுப் பூட்டி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து அட்டையை விரித்தால், டிரைவர் பக்கம் காய்ந்து கிடந்தது, மறுபக்கம் ஒழுகியது. பழைய கிரீஸ் எங்கேயாவது ஒட்டியிருந்து வடிகிறது என்று துடைத்துவிட்டுக் காத்திருந்தான். ஒழுகியது. வெளி வளையம் தளர்ந்திருக்கும் என்று போல்ட்டுகளை இறுக்கினான். அவன் எரிச்சலில் இறுக்கிய இறுக்கில் ஒரு போல்ட்டின் தலை 'டக்'கென்று கையோடு வந்துவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட மிச்சத்தைத் துளை போட்டு எடுப்பதற்குள் அவனுக்கு மண்டை காய்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒழுகியது.

தெருவில் போகிறவர்கள் வேறு சும்மா போவதில்லை. "என்ன வாஷர், சொந்த வண்டிக்கு வாஷர் கிடைக்கலையா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். முதல் தடவை அவனும் சிரித்தான். அப்புறம் ஷெட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தான். உள்ளே வெந்து தொலைத்தது.

இப்படியாகத்தான் அந்தச் சனிக்கிழமை வந்தது. வாஷருக்குக் கடைசியாக ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. ஆக்சில் சூடானால் உள்ளே காற்று உப்பும். அது வெளியேற மேலே சின்னதாக ஒரு மூச்சுக்குழாய் உண்டு. அது அடைத்துக்கொண்டால் காற்று எண்ணெயைத் தள்ளும். 'அதுதான், அதேதான்' என்று வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தான். அப்போது மனைவி டீ டம்ளரோடு வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"ஏங்க."

"ம்."

"நேத்து மேல போய் அந்த ரூமைப் பாத்துட்டு வந்தேன்."

"அந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடி. இன்னும் மேல. மேலன்னா மேல."

அவள் பிடித்தாள். "சின்ன ரூம்தான். ஆனா பெரிய ஜன்னல். பக்கத்துல ஒரு சத்தம் கிடையாது."

"பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் அங்க கிடக்கா பாரு."

அவள் தேடி எடுத்துக் கொடுத்தாள். "ஆபீஸ் ஜீப்புல கீழ இறங்கவே ரெண்டு மணி நேரம் ஆச்சுங்க. முதுகு விட்டுப்போச்சு."

"ஆபீஸ் ஜீப்பு ஒரு வண்டியா? நம்ம வண்டியில போய்ப் பாரு, தொட்டில்ல போற மாதிரி இருக்கும். இதை மட்டும் முடிச்சுட்டேன்னு வை..."

அவள் டார்ச்சை டயர் மேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். திடீரென்று இருட்டானதில் அவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. 'யாருக்காக இந்தப் பாடு படுகிறோம், ஒரு நிமிஷம் வெளிச்சம் பிடிக்க முடியவில்லை' என்று முனகிக்கொண்டே மூச்சுக்குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தான். அடைப்பே இல்லை. ஊதிய காற்றில் உள்ளேயிருந்த எண்ணெய்த் துளி ஒன்று திரும்பி வந்து அவன் உதட்டில் விழுந்ததுதான் மிச்சம். டீ ஆறிப்போய், அதில் ஒரு பூச்சியும் விழுந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சகலைக்கு போன் போட்டான். "சகலை, வாங்க. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடுவோம். மறுபடியும் மொத்தமாப் பிரிக்கணும்."

"மொத்தமாவா?" என்று டெய்லர் இழுத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைக்கும் தூங்குகிறவன் அவன். ஆனாலும் வந்துவிட்டான், கையில் வழக்கம்போல ஒரு மூட்டைத் துணியோடு.

"இதுலயும் லைனிங்கா?" என்று வாஷர் எரிந்து விழுந்தான்.

"இல்ல சகலை, சுத்தமான பருத்தி. ஒரு கஸ்டமர் சட்டையை நான் சின்னதாத் தைச்சுட்டேன். அதுதான் இது."

வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். சக்கரம், பிரேக், ஹப், பேரிங் என்று ஒவ்வொன்றாக இறங்கி அட்டையில் வரிசை கட்டின. குண்டைத் திறந்ததும் சேறு குபுக்கென்று பேசினில் விழுந்தது. புது கிரீஸ் போட்ட இடம் அது. போட்டபோது வெண்ணெய் மாதிரி கெட்டியாக இருந்தது, இப்போது கறுப்புத் தண்ணீராக ஓடியது. அதைப் பார்த்ததும் வாஷருக்கு அழுகை வராத குறை. உள்சீல்தான் விடுகிறது. சந்தேகமே இல்லை. ஆனால் புது சீல் எப்படி விடும்?

"கடைக்காரன் ஏமாத்திட்டான்," என்றான். "டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான். நாளைக்குக் காலையில அவன் கடை வாசல்ல நின்னு நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கலைன்னா நான் வாஷர் இல்ல."

"அந்தப் பக்கமும் அவன் குடுத்த சீல்தானே? அது ஒழுகலையே," என்று டெய்லர் மெதுவாகச் சொன்னான்.

"உங்களை நான் கேட்டேனா?"

கேள்வி நியாயமானது என்பதால்தான் கோபமே வந்தது.

ஆக்சில் தண்டை இரண்டு கையாலும் பிடித்து உருவிக்கொண்டிருக்கும்போது மனைவி மறுபடியும் ஷெட்டு வாசலில் வந்து நின்றாள். தலை வாரி, வெளியே கிளம்புகிறவள் மாதிரி இருந்தாள்.

"ஏங்க, நைட் டூட்டி முடிச்சுட்டு, தூக்கக் கலக்கத்துல அந்த ஓடையில இறங்கி ஏறணும். நான் யோசிச்சுப் பாத்தேன்..."

"அதுக்குத்தான் நாலு சக்கரமும் இழுக்குற வண்டி!" என்றான் வாஷர், தண்டை விடாமல். "சகலை, அந்தத் துணியைக் கீழ வைங்க, வழுக்குது, வழுக்குது!"

"அக்கா ஏதோ சொல்றாங்க சகலை."

"தண்டு கால்ல விழுந்தா அக்காவா வந்து உங்களைத் தூக்குவாங்க? பிடிங்க!"

தண்டைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் அங்கே இல்லை. வாஷர் டார்ச்சை எடுத்து, குண்டின் நடுத்துளை வழியாக உள்ளே அடித்தான். மிஞ்சியிருந்த கிரீஸைச் சுண்டுவிரலில் துணி சுற்றி வழித்தெடுத்தான். பார்த்தான். டார்ச்சை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தான்.

உள்ளே நடுப்பக்கம் எண்ணெயைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டிய ஸ்பிரிங்கும் ரப்பர் உதடும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. சீல் திரும்பி இருந்தது. காவல்காரனை வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்தாயிற்று, திருடன் உள்ளேயிருந்து சாவகாசமாக நடந்து வெளியே வந்திருக்கிறான்.

"சகலை," என்றான் வாஷர். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "இந்தப் பக்கம் சீல் அடிச்சது யாரு?"

"நான்தான். நீங்கதான் அந்தப் பக்கம் பேரிங்கோட மல்லுக்கட்டிட்டு இருந்தீங்களே. 'உங்க கைதான் நைஸான கை, நீங்களே அடிச்சுடுங்க'ன்னு சொன்னீங்க."

"எப்படி அடிக்கணும்னு சொன்னேன்?"

"நல்ல பக்கம் உள்ள போகட்டும்னு சொன்னீங்க."

"அப்புறம்?"

"நல்ல பக்கத்தைத்தான் உள்ள விட்டேன்."

வாஷர் பெட்டியிலிருந்து இன்னொரு புது சீலை எடுத்து நீட்டினான். எந்த வேலைக்கும் ஒன்று கூடுதலாக வாங்கிவைப்பது குழாய் வேலையில் வந்த பழக்கம். "இதுல நல்ல பக்கம் எது? காட்டுங்க."

டெய்லர் துளியும் யோசிக்கவில்லை. பளபளவென்று வழவழப்பாக, அழகாக நம்பர் அடித்திருந்த தகரப் பக்கத்தை விரலால் தொட்டான். "இதுதான்."

"அப்ப இது?" என்று வாஷர் ஸ்பிரிங் தெரிகிற பக்கத்தைத் திருப்பிக் காட்டினான்.

"இது கெட்ட பக்கம். மடிப்பு தெரியுது, உள்ள இருக்கிற கம்பி தெரியுது. கோட்டை உள்பக்கம் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கு. இதை எவனாவது நல்ல பக்கம்னு சொல்லுவானா?"

"வேலை செய்யற பக்கம்தான்யா நல்ல பக்கம்!" என்று கத்தினான் வாஷர். "எண்ணெயைப் பிடிச்சு நிறுத்தறது இதுதானே? அந்தத் தகரம் சும்மா! அழகா இருக்கிறதா நல்லது?"

"துணியில அழகா இருக்கிறதுதான் சகலை நல்ல பக்கம்," என்றான் டெய்லர், குழந்தையிடம் சொல்வது போல. "எனக்கே அன்னிக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. நம்பரெல்லாம் போட்டிருக்கு, இதை எதுக்கு உள்ள மறைக்கச் சொல்றாருன்னு. அப்புறம் நினைச்சேன், நாங்களும் அப்படித்தானே தைக்கிறோம்? நல்ல பக்கம் ரெண்டையும் உள்ள வச்சுத் தைச்சுட்டு, அப்புறம் திருப்புவோம். நீங்களும் பின்னால திருப்புவீங்கன்னு..."

"எதைத் திருப்புவேன்? ஆக்சிலையா?"

டெய்லர் வண்டியின் முன்பக்கத்தை ஒரு முறை முழுதாகப் பார்த்தான். "ஆமா," என்று ஒத்துக்கொண்டான். "அதுதான் கொஞ்சம் இடிச்சுது."

வாஷர் குழாய்க் குவியல் மேல் தொப்பென்று உட்கார்ந்தான். திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தான், சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் மறுபடியும் கோபம் வந்தது. சகலையின் மேல் இல்லை. எத்தனை ராத்திரி தூக்கம் போனது, எத்தனை போல்ட்டோடு மல்லுக்கட்டினான், வந்தவன் போனவன் கேலியெல்லாம் எதற்குக் கேட்டான்! ஒரு வார்த்தை. 'ஸ்பிரிங் இருக்கிற பக்கம்' என்று சொல்லியிருந்தால் முடிந்தது. தனக்குத் தெரிவது எல்லோருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டான். அந்த எரிச்சலை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் அந்தப் புது சீலை முறைத்துப் பார்த்தான்.

பழைய சீலை நெம்பி எடுத்து, இடத்தைத் துடைத்து, புதிதை அவனே அடித்தான். ஒவ்வொரு தட்டுக்கும் குனிந்து பார்த்தான். பார்த்ததையே மறுபடி பார்த்தான். டெய்லர் பக்கத்தில் நின்று பருத்தித் துணியை ஒவ்வொன்றாக நீட்டினான். தண்டு, மூட்டு, கிரீஸ், பேரிங், ஹப், பிரேக் என்று எல்லாம் திரும்பி ஏறின. நடுவில் ஒரு நட்டு காணாமல் போய், கடைசியில் டெய்லரின் சட்டைப் பையிலிருந்தே கிடைத்தது. அதற்கும் ஒரு ஆட்டம் திட்டித் தீர்த்தான். மதியச் சாப்பாட்டை இருவரும் மறந்தேவிட்டார்கள்.

வெயில் தாழ்ந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு அடிவாரம் வரைக்கும் போய், நாலு சக்கரமும் இழுக்க மண்மேட்டில் ஏறி இறங்கித் திரும்பி வந்தான். புது அட்டையை விரித்தான். டெய்லர் இனி தன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு நழுவிவிட்டான். வாஷர் மட்டும் ஸ்டூலைப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தான். ஒரு சொட்டு இல்லை. குண்டின் அடியில் கையை விட்டு ஒரு தடவை முழுக்கத் தடவினான். ஈரமே இல்லை.

"இந்தா, இங்க வா, வா!" என்று வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்தினான். அவள் வந்ததும் உள்ளங்கையை விரித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "பாரு. சுத்தம். பொட்டு எண்ணெய் கிடையாது. நாளைக்கு நீ ராணி மாதிரி ஓட்டிட்டுப் போகலாம்!"

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவன் எதிர்பார்த்த சிரிப்பு வரவில்லை.

"நான் குவார்ட்டர்ஸை எடுத்துக்கறேங்க," என்றாள். "காலையில இன்ஜினியர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன். சாவியும் குடுத்துட்டாங்க."

வாஷருக்குக் கை அப்படியே நின்றது. "அதான் வண்டி ரெடி ஆயிடுச்சே?"

"வண்டி ரெடிதான். ஓட்டறது யாரு? நான்தானே? போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். நடுவுல ஒரு ஷிஃப்ட். இருபது வருஷமா டூட்டி முடிஞ்சு வந்ததும் நேரா அடுப்படிக்குத்தான் போறேன். ஒரு தடவையாவது டூட்டி முடிஞ்சா கதவைச் சாத்திட்டுத் தூங்கணும்னு ஆசையா இருக்கு. உங்களை விட்டுட்டுப் போகணும்னு இல்லங்க. தூங்கணும்."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று அவன் வெடித்தான். "பைத்தியக்காரன் மாதிரி இத்தனை நாள் இதுக்கு அடியில கிடந்தேனே! எல்லாம் உனக்காகத்தானே!"

"சொன்னேன். நீங்க அடியிலதான் இருந்தீங்க."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு அவனும் கத்தியிருப்பான், சண்டை போட்ட மாதிரியாவது இருந்திருக்கும். அவள் உள்ளே போய்விட்டாள். அன்று ராத்திரி இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

திங்கட்கிழமை அவள் பெட்டியையும் மெத்தையையும் அவன்தான் வண்டியில் ஏற்றினான். வேறு எந்த வண்டியும் அங்கே போகாது. கோபத்தில் கயிற்றை இரண்டு மடங்கு இறுக்கிக் கட்டினான். மண் ரோட்டில் ஏறியதும், முதல் தடவையாக அந்தப் பாதையை அவன் கண்ணால் பார்த்தான். பள்ளத்துக்குப் பள்ளம் உடம்பு தூக்கிப் போட்டது. ஓடையில் தண்ணீர் சக்கரத்தில் பாதி வரைக்கும் வந்தது. அடியில் உருண்டைக் கற்கள். ஸ்டியரிங்கைப் பிடித்த கை மரத்துப்போனது. இதை அவள் ராத்திரியில், தூங்கி விழுகிற கண்ணோடு தினமும் ஓட்ட வேண்டும் என்றுதான் அவன் இத்தனை பாடுபட்டிருக்கிறான். பக்கத்தில் அவள் மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அறை அவள் சொன்ன மாதிரியே சின்னதுதான். மெத்தையைப் போட்டதும் அவள் ஜன்னலைத் திறந்துவைத்து அதன்மேல் சாய்ந்தாள். அவள் தோள் அப்படித் தளர்ந்து இறங்கி அவன் பார்த்து எத்தனையோ காலமாகிறது. அதைப் பார்த்த பிறகு அங்கே நின்று முறைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. "சரி, வர்றேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். அவளுக்கும் டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

இறங்கும்போது வண்டி ஓடிய அழகைச் சொல்லி முடியாது. ஒரு சத்தமில்லை, ஒரு உதறல் இல்லை. ஓடையைத் தாண்டி நிறுத்தி, இறங்கிப் போய் முன் சக்கரத்துக்கு அடியில் பார்த்தான். ஈரம் இருந்தது, ஓடைத் தண்ணீர். எண்ணெய் ஒரு சொட்டில்லை. இத்தனை நாள் ஓடித் தொலைய மாட்டாயா என்று எதைத் திட்டினானோ, அது இன்றைக்கு எங்கேயாவது நின்று தொலையக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. நின்றால் மேலே நடந்து போகலாம். 'வண்டி நின்னுடுச்சு' என்று சொல்லிக்கொண்டு அவள் வாசலில் உட்காரலாம். அதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தப் பாழாய்ப்போன வண்டி ஒரு காரணமும் தரவில்லை.

மண் ரோடு முடிந்து தார் ரோடு தொடங்குகிற இடத்தில் போனுக்கு சிக்னல் வந்தது. ஓரமாக நிறுத்தினான். எதற்கு என்று யோசிக்காமல் அவளைக் கூப்பிட்டான்.

"வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டீங்களா?" என்றாள். அவளுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபார்மர் 'ம்ம்ம்' என்று ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

"இல்ல. கீழ ரோட்டுக்கு வந்துட்டேன்."

"ஏன், என்ன ஆச்சு? வண்டி மறுபடியும் ஏதாவது...?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு." அதோடு நிறுத்திவிடத்தான் நினைத்தான். "நான்தான் நல்லா இல்ல. வீட்டுக்குப் போகவே பிடிக்கல. நீ இல்லாம அங்க என்ன பண்றதுன்னு தெரியல. எனக்கு பயமா இருக்கு."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

"இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வார்த்தை..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "வியாழக்கிழமை எனக்கு டூட்டி இல்ல. நல்லாத் தூங்கி எந்திரிச்சிருப்பேன். மேல வாங்க."

"வர்றேன்."

"குளிச்சுட்டு வாங்க. அந்த எண்ணெய் நாத்தத்தோட வந்தா உள்ள விடமாட்டேன்."

அவன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். நகக்கண்ணில் மிச்சமிருந்த கிரீஸ் கண்ணில் பட்டு எரிந்தது. எரிச்சல் அடங்கும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வண்டியை எடுத்தான்.